டீச்சர் சொன்ன நன்றி

என் மேசையின் கீழ் இழுப்பறையில் கண்ணாடி போட்ட ஒரு படச்சட்டத்தைப் பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது படமில்லை. திண்டுக்கல்லில் ஒரு மாதா கோயில் வெளியிடும் மாத இதழிலிருந்து வெட்டி எடுத்த தாள். 'கேட்ட வரம் தந்த கோடி அற்புதர் புனித அந்தோணியாருக்கு நன்றி' என்று கொட்டை எழுத்தில் தொடங்கும். அதே பக்கத்தில் மற்றவர்கள் சொன்ன நன்றிகளும் ஓரங்களில் பாதி வெட்டுப்பட்டு நிற்கின்றன. மகளுக்கு வரன் அமைந்ததற்கு ஒன்று, காணாமற்போன சங்கிலி கிடைத்ததற்கு ஒன்று. அவையெல்லாம் இரண்டு வரிதான். நடுவில் இருப்பது மட்டும் பாடப்புத்தகம் போல நீண்டு போகிறது. அதை எழுதியவர் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவர். எதையும் இரண்டு வரியில் சொல்லி முடிக்கத் தெரியாதவர். அவரிடம் நான் படித்ததில்லை. ஆனாலும் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வீடு பேகம்பூரில். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்கிக் கொடுப்பது என்னைப் பெற்ற அத்தாவின் தொழில். நான் பி.காம். முடித்துவிட்டு அத்தாவின் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மத்தியான வெயிலில், கஞ்சி போட்ட காட்டன் புடவையும் குடையுமாக டீச்சர் வந்து நின்றார். ஒரு கிலோ கடுக்காய் வேண்டும் என்றார். அத்தா சிரித்துவிட்டார். "டீச்சரம்மா, இங்க மூட்டைக் கணக்குதான். வயித்துக் கோளாறுன்னா நாட்டு மருந்துக் கடைக்குப் போங்க" என்றார். "வயித்துக்கில்ல பாய், பூவுக்கு. தோலை அழுக விடாமக் காக்குற சாமான் மல்லிகைப்பூவைக் காக்காதான்னு பாக்கணும்" என்ற டீச்சர், அத்தோடு நிற்கவில்லை. கடுக்காயில் என்ன இருக்கிறது, அது தோலை என்ன செய்கிறது என்று, மூட்டை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். ஒவ்வொரு நாலு வாக்கியத்துக்கும் ஒரு தரம் "விளங்குச்சா?" என்று நிறுத்துவார். தலையாட்டினால் நம்ப மாட்டார்; திருப்பிச் சொல்லச் சொல்வார். அத்தா காசு வாங்காமல் ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். தொல்லை விட்டது என்றுதான் கொடுத்தார். டீச்சர் அடுத்த வாரமே மறுபடி வந்துவிட்டார்.

டீச்சரின் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தார். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்குள் பறிக்கும் மல்லிகை அவர் கடைக்கு மொட்டாக வந்து இறங்கும். மொட்டாக இருக்கும் வரைதான் அதற்கு விலை. பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். விரிந்த பூவைச் சீந்த ஆளிருக்காது. வரத்து கூடிய நாட்களில் விற்காத பூவைக் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டிவிட்டு, அந்தப் பூவைப் பறித்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு வருவாராம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் டீச்சருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. மொட்டை மொட்டாகவே இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைக்க வேண்டும். ஐஸ் இல்லாமல், கரண்ட் இல்லாமல், ஒரு சாதாரண அட்டைப்பெட்டியில். இதற்காக நல்ல சம்பளத்தில் இருந்த பள்ளிக்கூட வேலையை விட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பாடம் எடுத்து அனுப்பினார்.

பேகம்பூரை ஒட்டி ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். அத்தாவுக்கு உடம்பு தளர்ந்து குடோனை மூடியதும் நான் அங்கே கணக்கு வேலைக்குப் போனேன். கடுக்காய்ச் சாற்றில் படிகாரம் சேர்த்து, அதில் காகிதத்தைத் தோய்த்து உலர்த்தி, பெட்டிக்குள் விரித்து மொட்டை அடுக்குவார். திறந்தால் மொட்டு கன்னிப்போயிருக்கும், அல்லது விரிந்து மஞ்சளடித்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அதே கதை. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நேர்ந்துக்கிட்டேன் பாப்பா. மொட்டு நின்னுச்சுன்னா ஊரறிய எழுதி நன்றி சொல்றேன்னு சொல்லிட்டேன்." அவர்கள் வழக்கம் அது. வரம் கிடைத்தால் மனதுக்குள் நன்றி சொன்னால் போதாது. கோயில் இதழில் அச்சுப்போட்டு நாலு பேர் வாசிக்கும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நேர்ச்சைக் கடன் கழியாது. எங்கள் பக்கம் தர்காவுக்கு நேர்ந்துகொண்டால் ஃபாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுப்பதோடு சரி. இவர்கள் இதழ் வேறு நடத்துகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் காகிதத்தைத் தோய்க்கும் பக்குவத்தில் என்னவோ மாற்றினார். ஒரு காலையில், முந்தாநாள் அடுக்கிய பெட்டியைத் திறந்தபோது, வெள்ளை வெளேரென்று மூடிய மொட்டுகள். ஷெட்டில் காகிதம் தோய்க்கவும் மொட்டு அடுக்கவும் வந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். டீச்சர் கை நிறைய அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுததைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே உட்கார்ந்து நன்றி எழுதினார். எவ்வளவு கடுக்காய், எவ்வளவு படிகாரம், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், காகிதம் எத்தனை மடிப்பு என்று ஒன்று விடவில்லை. "இம்புட்டும் எழுதணுமா டீச்சர்?" என்று கேட்டேன். "பின்னே? அவரு குடுத்ததைப் பாதி மறைச்சுச் சொன்னா அதுக்குப் பேரு நன்றியா?" என்றார். அடுத்த மாத இதழில் வந்தது. கத்தரித்துச் சட்டம் போட்டு, ஷெட்டில் அந்தோணியார் படத்துக்குக் கீழே, என் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். தினமும் காலையில் துடைப்பது என் வேலை.

பேட்டன்ட் என்ற சொல் எங்கள் ஷெட்டுக்குள் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. ஆடிட்டர்தான் சொன்னார், இதற்குக் காப்புரிமை எடுத்துப் பதியாவிட்டால் நாளைக்கு எவனாவது எடுத்துக்கொள்வான் என்று. மதுரையிலிருந்து அதற்கான ஏஜென்ட் ஒருவர் வந்து கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். இதை வெளியே யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். "வெளியாளுக்கு மூச்சு விடலையே சார்" என்றார் டீச்சர். அவர் பொய் சொல்லவில்லை. இதைப் பலரிடம் நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. அவருடைய பங்குக் கோயில் ஜனம் அவருக்கு வெளியாள் இல்லை. ஞானஸ்நானத்திலிருந்து கல்லறை வரைக்கும் கூட வருகிறவர்கள் எப்படி வெளியாள் ஆவார்கள்? ஏஜென்ட்டும் டீச்சரும் நானும் அந்தப் படச்சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். பதிவுக்கு விண்ணப்பம் போயிற்று.

பெட்டி நன்றாகப் போனது. சென்னைக்கும் துபாய்க்கும் எங்கள் மொட்டு போய்ச் சேர்ந்தது. ஆனால் ஷெட் சிறியது, கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியவில்லை. அப்போதுதான் புதுத் தொழில்களில் பணம் போடும் ஒரு நிறுவனத்தார் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். டீச்சர் அவர்களுக்காகப் பெட்டி திறந்து காட்டினார். அவர்கள் பூவை மோந்துகூடப் பார்க்கவில்லை. இந்த முறை யார் பெயரில் இருக்கிறது, வேறு எவனும் செய்ய முடியாதபடி தடுக்க வழி இருக்கிறதா, தடை எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அவர்களில் மூத்தவர் மரியாதையாகவே விளக்கினார்: "மேடம், பூவை நம்பி நாங்க பணம் போட முடியாது. பெட்டியை யாரும் செஞ்சிரலாம். நீங்க மட்டும்தான் செய்யலாம்னு ஒரு உரிமை இருக்கு பாருங்க, எங்களுக்கு அதுதான் சொத்து." அவர்கள் போன பிறகு டீச்சர் எங்களையெல்லாம் கூப்பிட்டு அதையும் ஒரு பாடமாக நடத்தினார். "நம்ம மூளைக்குப் பத்திரம் எழுதி வச்சிருக்கோம், அந்தப் பத்திரத்துக்குத்தான் வாராங்க. விளங்குச்சா?" எங்களுக்கு விளங்கியது. புது ஆலைக்குச் சின்னாளபட்டிப் பக்கம் இடம் பார்த்தாயிற்று. பறிப்பு இல்லாத மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் பெண்களுக்கு வருடம் முழுக்க வேலை என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாக்கைக் கேட்டு அட்டைப்பெட்டிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

கையெழுத்துக்கு முன்பு எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு வக்கீல் பெண்ணை அனுப்பினார்கள். சின்னப் பெண்; தேனிப் பக்கம் ஊர். காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டாள், எல்லாம் சரியாக இருந்தது. காபி குடித்துக்கொண்டே நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். "அது என்னங்க டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். சட்டத்தைத் தானே கழற்றி அவள் மடியில் வைத்தார். நேர்ச்சையைப் பற்றியும், அந்தோணியாரைப் பற்றியும், கன்னிப்போன மொட்டுகளைப் பற்றியும் சொன்னார். அந்தப் பெண் கடைசி வரியை மட்டும் வாய்விட்டு வாசித்தாள்: 'இதை வாசிக்கும் எவரும் இம்முறைப்படி செய்து பயன் பெறலாம்.' பிறகு கீழே இதழின் மாதத்தைப் பார்த்தாள். விண்ணப்பத்தை எடுத்து அதன் தேதியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார். "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "நல்லா எடுத்துக்கம்மா, நாலு பேருக்குக் காட்டு" என்றார் டீச்சர். கிளம்பும்போது அவள் தலையில் தன் கையால் மல்லிகைச் சரம் வைத்துவிட்டார்.

அந்த வாரமே சென்னை நிறுவனத்திடமிருந்து போன் வந்தது. ஒரு செய்முறை அச்சில் வந்துவிட்டால் அது உலகத்துக்குத் தெரிந்ததாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எழுதியவரே போய்க் கேட்டாலும் உரிமை கிடைக்காது, கிடைத்தாலும் எதிராளி ஒருவன் அந்த இதழைக் காட்டி அதை ரத்து செய்ய வைத்துவிடுவான், உரிமையில்லாத தொழிலில் பணம் போட எங்களால் முடியாது என்றார்கள். டீச்சர் போனை வைக்காமல் வாதாடினார். "ஏங்க, சாமிகிட்ட சொன்னது எப்படிங்க ஊருக்குச் சொன்னதாகும்? நான் கண்டுபிடிச்சதை நானே சொன்னேன், அடுத்தவன் சொல்லலையே!" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மதுரை ஏஜென்ட்டிடமும் கேட்டுப் பார்த்தோம். அவர் படச்சட்டத்தைக் கையில் வாங்கி வாசித்துவிட்டு, இதழின் மாதத்தின் மேல் விரலை வைத்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் போனுக்கு அந்த வக்கீல் பெண் கூப்பிட்டாள். "அக்கா, பாக்காத மாதிரி வந்திருக்கலாம். ஆனா பாக்குறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்" என்று சொல்லி அழுதாள். நான் வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன்.

சில மாதத்தில் மார்க்கெட்டில் வேறொரு பெட்டி வந்தது. பளபளவென்று அச்சடித்த பெட்டி. உள்ளே பழுப்புக் காகிதம். மோந்து பார்த்தால் கடுக்காய் வாடை. யார் செய்கிறார்கள் என்று விசாரித்ததில், எங்களிடம் வந்து போன அதே நிறுவனம் ஏற்கெனவே பணம் போட்டிருந்த இன்னொரு கம்பெனி. டீச்சரின் வீட்டுக்காரர் வழக்குப் போடலாம் என்று குதித்தார். எதை வைத்துப் போடுவது? அவர்கள் திருடவில்லை. வாசிக்கும் எவரும் செய்யலாம் என்று டீச்சரே எழுதியிருந்தார், அவர்கள் வாசித்தார்கள், செய்தார்கள். அவர்கள் விலைக்கு எங்களால் கொடுக்க முடியவில்லை. ஷெட் ஆள் குறைந்து, நாள் குறைந்து, மூடியே விட்டது. கடைசி நாளில் பெண்கள் டீச்சரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. அவர்களில் ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "கோயில் பொஸ்தகத்துல போடாம இருந்திருக்கலாம்ல டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் டியூஷன் எடுத்தார். நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பார், சொல்லித் தருவார், ஆனால் 'விளங்குச்சா' என்று கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. சட்டத்தையும் வீட்டு முன்னறையில் அதே படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். "கழட்டிரலாமே டீச்சர், பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்று ஒரு தரம் சொன்னேன். "கேட்டேன், குடுத்தாரு. சொல்றேன்னேன், சொல்லிட்டேன். அவருக்கும் எனக்கும் கணக்கு நேராத்தான் இருக்கு பாப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் அந்தப் பொம்பளைங்களுக்கும்தான் நேராகலை" என்றார். நான் எதையோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். அடுப்பில் வைத்த வெஞ்சனம் தீய்கிறது என்று எழுந்து போனார்.

மார்கழியில் இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து அநேகமாக இருக்காது, விலையும் கிட்டே நெருங்க முடியாது. ஆனாலும் சவப்பெட்டியின் மேல் ஒரு பெரிய மல்லிகை மாலை இருந்தது, உறவுக்காரர் யாரோ மதுரையில் வாங்கி வந்தது. கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோகும்போது வீட்டுக்காரர் அந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து மோந்தார். காலமெல்லாம் பூவோடு கிடந்தவர். என் பக்கம் திரும்பி, "நம்ம காகிதத்துல கெடந்த பூவு தாயி" என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாலையில் ஒரு மொட்டுகூட விரியவில்லை. டீச்சர் நினைத்தது நினைத்தபடியே நடந்திருந்தது, அந்த மொட்டுகளோடேயே குழிக்குள் இறக்கினோம். நான் அன்றைக்கு அழுத அளவுக்கு அத்தாவின் மௌத்துக்குக்கூட அழவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் சட்டத்தைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "என்னால இதைப் பாத்துக்கிட்டு ஒக்கார முடியலை. நீதான் தொடைச்சுத் தொடைச்சு வச்சிருந்த. நீயே கொண்டு போ" என்றார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். பணம் போடுகிறவர்களுக்காகச் சின்னக் கம்பெனிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் வேலை. அந்த வக்கீல் பெண் செய்த அதே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதற்கு வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகு, நானாக ஒன்று கேட்பேன்: "எந்தச் சாமிக்காவது நன்றி சொன்னீங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

போன வாரம் வந்த பையன் பழனிப் பக்கம் கீரனூர்க்காரன். கிணற்று மோட்டார் எரிந்துபோகாமல் காக்க ஒரு கருவி செய்திருக்கிறான். கண்ணில் தூக்கமில்லை, பேச்சில் அவ்வளவு உற்சாகம். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. என் கேள்வியைக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, முகம் மலர்ந்தது. "ஆமாங்க மேடம்! அதெப்படிங்க சொல்லாம இருக்கறது? மொத மெஷினை எங்க குலசாமி கோயில்ல வச்சுத்தானுங்க பூசை போட்டோம். தோட்டத்துக்காரங்க அத்தனை பேரும் வந்திருந்தாங்க. உள்ள என்ன இருக்குது, எப்படி வேலை செய்யுதுன்னு கழட்டிக் காட்டுனேனுங்க. தம்பி வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டிருக்கானுங்க, காட்டட்டுங்களா?" என்றான். விண்ணப்பம் போட்டது அதற்கு முன்பா பின்பா என்று கேட்டேன். "பூசைக்கு அப்புறந்தானுங்க. மொதல்ல சாமிக்கில்லீங்களா?" என்றான்.

போனை நீட்டினான். பார்த்தேன். நன்றாகத்தான் விளக்கியிருந்தான், டீச்சர் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார். இழுப்பறையைத் திறந்து, துண்டை விலக்கி அவனிடம் அந்தச் சட்டத்தைக் காட்டலாமா என்று கை போனது. காட்டி என்ன ஆகப்போகிறது? எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினேன்: 'விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் வெளியிடப்பட்டுள்ளது.' அவன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, நான் எழுதி முடிக்கட்டும் என்று சந்தோஷமாகக் காத்திருந்தான்.